கார்பெட்டுக்கு எடுத்த ஆரத்தி

ஏனுங்க அம்மிணி, அந்தப் பாட்டிலைச் சித்த கீழ வைங்க. தப்பா நெனைக்காதீங்க. கடையில நிக்கறவங்க கையைப் புடிச்சு இழுக்கற பழக்கமெல்லாம் எனக்குக் கெடையாது. ஆனா நீங்க அந்த ரோஸ் கலர் பாட்டிலை எடுத்து, மூடியத் தொறந்து, மோந்து பாத்தீங்க பாருங்க, அங்கதான் எனக்கு மனசு கேக்கல. நானும் அப்படி மோந்து மோந்து வாங்குனவதான்.

கார்பெட்டுக்குத்தானுங்க வாங்கறீங்க? ஊட்ல கொழந்தை இருக்குதுங்களா? தவழுதா? அப்பக் கண்டிப்பாக் கீழ வைங்க. கொழந்தை மொகத்தை வெச்சுத் தேய்ச்சுட்டுப் போற எடத்துல இவ்வளவு வாசம் ஆகாதாம். வாசம் வேற, சுத்தம் வேறயாம். நான் சொல்லலீங்க, என்ற பொண்ணு மதுவந்தி சொல்றது. எனக்கு இன்னும் முழுசா நம்பிக்கை வரல, அது வேற விசயம். ஊட்டுக்குள்ள நொழைஞ்சா பினாயில் வாசம் குப்புனு வரோணும், அப்பத்தான் தொடைச்சிருக்காங்கன்னு அர்த்தம். அப்படித்தான் நாங்க வளந்தோம்.

உங்க கார்பெட் உல்லனா நைலானா? தெரியாதா. அதேதான், எனக்கும் மொதல்ல தெரியாது. பின்னாடி திருப்பிப் பாருங்க, மூலையில சின்னதா ஒரு துணி வெச்சுத் தெச்சிருப்பான், அதுல போட்டிருக்கும். உல்லனுக்கு ஆகறது நைலானுக்கு ஆகும், நைலானுக்குப் போடறதையெல்லாம் உல்லனுக்குப் போட்டா அது தாங்காது. பில் போடற எடத்துல கூட்டம் எப்படியும் இப்ப நகரப் போறதில்ல. கூடையைக் கீழ வெச்சுட்டுக் கேளுங்க. இந்தக் கார்பெட்டாலதான் என்ற பொண்ணு கல்யாணமே கெட்டுப் போகப் பாத்துச்சு.

எங்கூட்டுக்காரரு இங்க ஈரோட்டுலதான் மஞ்ச மண்டி வெச்சிருக்காரு. ஊடு முழுக்க மஞ்ச வாசம். அவரு சட்டைப் பாக்கெட்டை உதறுனா ஒரு கொழம்புக்கு ஆகற மஞ்சத்தூள் கொட்டும். அப்பேர்ப்பட்ட ஊட்டுக்கு, மஸ்கட்ல இருக்கற என்ற நாத்தனா ஒரு வெள்ளைக் கார்பெட்டைக் கொண்டாந்து குடுத்தா. வெள்ளைன்னா சுத்த வெள்ளை இல்லீங்க, பாலாடை நெறம். மஞ்ச மண்டிக்காரன் ஊட்டுக்கு அந்த நெறத்துல ஒண்ணைக் குடுக்கறவளுக்கு எவ்வளவு பாசம் இருக்கோணும் பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல. சுருட்டிப் பரண் மேல போட்டு, ஆளு வந்தா விரிச்சு, போனாச் சுருட்டி, இப்படியே ஓடுச்சு. மதுவந்திதான் ஒரு நாள், "விரிப்புன்னா விரிக்கத்தாம்மா, பரண் மேல வெச்சுக் கும்படறதுக்கா?"ன்னு ஹால்ல விரிச்சுட்டா.

விரிச்சாளா, கறை வந்துருச்சு. நானும் எங்கூட்டுக்காரரும் பழனியில ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு மறுநாள் வந்து பாக்கறேன், ஒரு மூலையில உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பா ஒரு கறை. மதுவந்தி அப்ப ஊட்ல இருந்தே கம்ப்யூட்டர்ல ஆபீஸ் வேலை பாத்துட்டு இருந்தா. கேட்டேன். "காபி கொட்டிருச்சும்மா"ன்னா. சொல்றப்பவே புள்ளைக்கு மொகமெல்லாம் செவந்து போச்சு. ஒரு காபிக் கறைக்கு இத்தனை வெக்கமான்னு எனக்கே பாவமாப் போச்சு. அவங்கப்பா பாத்தாச் சத்தம் போடுவாருன்னு சோபாவை நகத்தி மேல போட்டு மூடிட்டேன். அந்தக் கறை இருக்கறது எனக்கும் அவளுக்கும் மட்டுந்தான் தெரியும்.

அதுக்கப்புறம் அவ பெங்களூர் போயிட்டா. நாங்க மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சோம். அம்மிணி, பொண்ணைப் பெத்தவ பாடு பெத்தவளுக்குத்தான் தெரியும். எத்தனை போட்டோ. ஒருத்தன் ரொம்ப ஒசரம்னா, ஒருத்தன் சிரிப்பு சரியில்லைன்னா, ஒரு டாக்டர் பையனை, "பேரு புடிக்கல"ன்னு தள்ளிட்டா. எனக்குச் சோறு எறங்கல. எங்கூட்டுக்காரருகிட்டப் போயி, அவ மனசுல யாராச்சும் இருக்காங்களான்னு கேப்போமான்னேன். அவரு பாத்த பார்வையில வாயை மூடிட்டேன்.

அவருக்கு அந்தப் பேச்சே ஆகாதுங்க. அவங்கண்ணன் பையன் காதலிச்சுக் கட்டிட்டான். அதுக்கு அவன்மேல கோவம் வந்தாக்கூடப் பரவால்ல, பையனையும் பொண்ணையும் ஊட்டுக்குள்ள சேத்துக்கிட்டாருன்னு கூடப் பொறந்த அண்ணங்கூடவே பேச்சை விட்டுட்டாரு. நாலு வருசம். ஒரே தெருவுல மண்டி. அண்ணன் கிழக்கால போனா இவரு மேக்கால போவாரு. தீபாவளிக்குப் பலகாரம் குடுத்துவிட்டா அப்படியே திரும்பி வந்துரும். நான் யாருக்கும் தெரியாம எங்க மூத்தாரு சம்சாரத்தைக் கோயில்ல பாத்துப் பேசிக்குவேன். அதனால என்ற பொண்ணு கழுத்துல நாங்க பாத்து வெக்கற தாலிதான் ஏறோணும்னு நான் வேண்டாத சாமியில்ல.

அப்பத்தான் மதுவந்தியோட சிநேகிதப்புள்ளை ஒருத்தியோட அம்மா போன் பண்ணுனாங்க. கோயமுத்தூர்ல நம்மாளுங்க, நல்ல குடும்பம், பையன் கௌசிக், பெங்களூர்ல வேலை, அப்பா இல்ல, அம்மா மட்டுந்தான்னு. நான் உடனே புடிச்சுக்கிட்டேன். ஜாதகம் வாங்கி, பொருத்தம் பாத்து, விசாரிச்சு, எல்லாம் நானே ஓடியாடிச் செஞ்சது. மதுவந்திகிட்டச் சொன்னேன். போட்டோ அனுப்பறேன் பாருன்னேன். "போட்டோ வேண்டாம்மா, உங்க இஷ்டம்"னா. பாத்தீங்களா. பேரு புடிக்கலைன்னு டாக்டரைத் தள்ளுனவ, மொகத்தைக்கூடப் பாக்காமச் சரின்னா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. என்ன இருந்தாலும் நம்ம வளப்பு.

பையனும் பெங்களூர், இவளும் பெங்களூர், எங்கயாச்சும் பாத்திருப்பாங்களான்னு எங்கூட்டுக்காரரு ஒருக்காக் கேட்டாரு. பெங்களூர் என்ன நம்ம பெரிய மாரியம்மன் கோயில் வாசலா, போறவங்க வாரவங்களையெல்லாம் பாக்கறதுக்குன்னு நான் சொல்லிட்டேன்.

ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வாரோம்னுட்டாங்க. வியாழக்கெழமையே மதுவந்தி போன் பண்ணுனா. "அம்மா, கார்பெட்டுக்குப் பினாயில் போடாத. அந்தம்மாவுக்கு வீசிங் இருக்குது. காட்டமான வாசம் பட்டா மூச்சு வாங்கும். ஊதுபத்தியும் வேண்டாம், ரூம் ஸ்பிரேயும் வேண்டாம். வேக்குவம் கிளீனர் மட்டும் போடு, நான் வந்து பாத்துக்கறேன்." இது எங்களுக்கே தெரியாத விசயம். ஜாதகத்துலயா எழுதியிருக்கு? இந்தக் காலத்துப் புள்ளைங்க நெட்டுல எல்லாத்தையும் பாத்துருதுங்க.

ஆனா அவ போன் வாரதுக்குள்ள நான் வேலையை முடிச்சுட்டேன். முடிச்சுட்டேன்னா, நம்ம ஹாலைக் கழுவி விடற மாதிரி கார்பெட்டைக் கழுவி விட்டுட்டேன். பினாயிலு ஒரு வாளி, துணிப் பவுடர் ஒரு வாளி, பச்சத்தண்ணி மூணு வாளி. ஈர்க்குமாத்துல நல்லாத் தேய்ச்சேன். பிளீச்சிங் பவுடரும் கொஞ்சம் போடலாம்னு டப்பாவைத் தொறந்தேன், நல்லவேளை தீந்து போயிருந்துச்சு. அதையும் கழிவறை ஆசிட்டையும் ஒண்ணாச் சேத்துட்டா வெசப்புகை கெளம்புமாம். உல்லனுக்கு பிளீச்சிங்கே ஆகாதாம், நாரு நாராப் போயிருமாம். எனக்கென்ன தெரியும், வெள்ளைத் துணிக்குப் போடறதுதானே.

தண்ணியை ஊத்தியாச்சு, காயோணுமே. தரை காயும், அது காயுமா? அடியில அட்டை மாதிரி ஒண்ணு இருக்குது, அது அத்தனை தண்ணியையும் குடிச்சுப்போட்டு உக்காந்திருக்குது. ராத்திரிக்கு ஒரு வாசம் வந்துச்சு பாருங்க. மழையில நனைஞ்ச செம்மறியாட்டை ஊட்டுக்குள்ள கட்டிப்போட்டு, அதுக்குப் பினாயில்ல குளிப்பாட்டி விட்டாப்பல. எங்கூட்டுக்காரரு மண்டியிலயே படுத்துக்கறேன்னு கெளம்பிட்டாரு.

மதுவந்தி வெள்ளிக்கெழமை சாயங்காலம் வந்தா. வாசப்படியிலயே மூக்கைப் பொத்திட்டா. உள்ள வந்து கார்பெட்டைத் தொட்டுப் பாத்தா. அப்படியே அதும் மேல உக்காந்து அழுதுட்டா. ஏனுங்க, ஒரு கார்பெட்டுக்கு யாராச்சும் அழுவாங்களா? "இதுனால அந்தம்மா வேண்டாம்னு சொல்லிட்டா என்னம்மா பண்றது"ன்னு தேம்பறா. நான் தலையத் தடவிக் குடுத்து, போனாப் போகுது கண்ணு, இந்த எடம் இல்லாட்டி வேற எடம்னேன். அதுக்கப்புறம் இன்னும் சத்தமா அழுதா. பொறுப்பான புள்ளைங்க அப்படித்தான்.

அழுது முடிச்சு எந்திரிச்சுச் சேலை மாத்தக்கூட இல்ல, வேலையை ஆரம்பிச்சுட்டா. சன்னலெல்லாம் தொறந்து, ரெண்டு ஃபேனைத் தரையில வெச்சு, கார்பெட்டை நாற்காலி மேல தூக்கிப் போட்டு, அடியில காத்துப் போக வெச்சா. சனிக்கெழமை ஓரளவுக்குக் காஞ்சுது. அப்புறம் பைக்குள்ள இருந்து ஒரு பாட்டிலை எடுத்தா. உல்லனுக்குன்னே விக்கறது. தொறந்து மோந்து பாத்தேன், ஒரு வாசமும் இல்ல. நொரைகூட வரல. தண்ணியைப் பாட்டில்ல அடைச்சு இவகிட்ட வித்துப்போட்டாங்களேன்னு நெனைச்சேன். அவ அதைக் கொஞ்சூண்டு தண்ணியில கலந்து, வெள்ளைத் துணியில நனைச்சுப் புழிஞ்சு, ஒத்தி ஒத்தி எடுத்தா. தேய்க்கவே இல்ல. காய்ச்சல் கொழந்தைக்கு நெத்தியில ஈரத்துணி வெக்கற மாதிரி. வெள்ளைத் துணி எதுக்குன்னா, கலர்த் துணியா இருந்தா அந்தச் சாயமும் கார்பெட்டுக்கு ஏறிக்குமாம். முழுக்கப் பண்ணிட்டா. அழுக்கெல்லாம் துணிக்கு வந்துருச்சு, அதை நான் ஒத்துக்கறேன்.

ஆனா ஞாயித்துக்கெழமை காலையில எந்திரிச்சு ஹாலுக்கு வந்தேனுங்க, ஒரு வாசமும் இல்ல. பினாயில் லேசா எங்கியோ ஒரு மூலையில இருக்குது, அவ்வளவுதான். சம்பந்தம் பேச வாரவங்க உள்ள வந்து நின்னு, இவங்க ஊட்டைத் தொடைக்கவே மாட்டாங்களாட்டம் இருக்குதுன்னு நெனைச்சுட்டா? மருந்து வேண்டாம்னுட்டா. கெமிக்கல் வேண்டாம்னுட்டா. சரி, கெமிக்கல் இல்லாதது நம்மூட்ல என்ன இருக்குது? மஞ்ச. கிருமிக்கு அதைவிட என்ன மருந்து? வீசிங்குக்குக்கூடப் பால்ல போட்டுக் குடிக்கறாங்க. மதுவந்தி குளிக்கப் போன நேரத்துல ஒரு சொம்புத் தண்ணியில மண்டியில இருந்து வந்த நயம் மஞ்சத்தூளைக் கரைச்சு, மாவிலையில தொட்டுக் கார்பெட் மேல தெளிச்சேன். புண்ணியார்ச்சனைக்குத் தெளிக்கற மாதிரிதான். லேசாத்தான் தெளிச்சேன்.

அம்மிணி, லேசாத் தெளிச்ச மஞ்ச லேசாத் தெரியலீங்க. அம்மை போட்ட மாதிரி ஆயிருச்சு. பாலாடை நெறத்துல எங்க பாத்தாலும் மஞ்சப் பொட்டு. கையும் ஓடல காலும் ஓடல. துணி சோப்பை எடுத்து வந்து தேய்ச்சேன். மஞ்ச மேல சோப்பு பட்டா என்ன ஆகும்? சொல்லுங்க பாக்கலாம். உங்களுக்குத் தெரியோணும், உங்க கல்யாணத்துக்கு ஆரத்தி எடுத்திருப்பாங்க. மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா என்ன ஆகும்? ஆங். செவ செவன்னு ஆயிருச்சு. தேய்க்கத் தேய்க்கப் பரவுது. ஆரத்தித் தட்டைக் கொண்டாந்து கவுத்துனாப்பல ஹாலு நடுவுல அவ்வளவு பெருசுக்குச் செவப்பு. மஞ்ச ஊர்லயே பொறந்து, மஞ்ச வியாபாரிக்கு வாக்கப்பட்டு, அந்த நேரத்துல அது என்ற புத்திக்கு எட்டல பாருங்க.

வாசல்ல கார் சத்தம்.

எங்கூட்டுக்காரரு கும்பிட்டுக்கிட்டே கூட்டிட்டு வாராரு. உள்ள வந்து கார்பெட்டைப் பாத்தாரு. கும்பிட்ட கை அப்படியே நின்னு போச்சு. நான் சோப்பும் கையுமா நடுவுல மண்டி போட்டிருக்கேன், கட்டுன பட்டுச்சேலையெல்லாம் செவப்பு. மதுவந்தி தலை ஈரத்தோட ஓடி வந்தா. அவளுக்கு மொகத்துல ரத்தமே இல்ல. அந்தம்மா, கிருஷ்ணவேணியம்மா பேரு, ஒரு அடி உள்ள வெச்சவங்க, மூக்கை முந்தானையில மூடி ரெண்டு இருமல் இருமுனாங்க. பழைய பினாயில் வாசம் போலிருக்குது. அப்படியே திரும்பி வெளிய போயிட்டாங்க. முடிஞ்சுதுன்னு நெனைச்சேன். என்ற பொண்ணு வாழ்க்கையை என்ற கையாலயே சோப்புப் போட்டுத் தேய்ச்சுட்டேன்னு நெனைச்சேன்.

அப்பத்தான் அந்தப் பையன் செருப்பைக் கழட்டிட்டு நேரா உள்ள வந்தாரு. எம்பக்கத்துல வந்து உக்காந்து, "தேய்க்காதீங்க அத்தை. தேய்ச்சா உள்ள எறங்கிரும்"னு சோப்பை வாங்கி வெச்சாரு. வந்த உடனே அத்தைன்னு கூப்படறாரு. எவ்வளவு மரியாதை பாருங்க. "சோப்பு பட்டதாலதான் செவப்பாச்சு. கொஞ்சம் வினிகர் பட்டா மறுக்கா மஞ்சளாயிரும். மஞ்சளுக்கு வெயில் ஆகாது, மாடியில போட்டுட்டா தன்னால வெளுத்துரும்"னாரு. வினிகர் இருக்கான்னாரு. கோபி மஞ்சூரி செய்ய வாங்குனது இருந்துச்சு. மதுவந்தி அதை எடுத்துட்டு வந்து தண்ணி கலந்தா. நேராச் செவப்பு மேல ஊத்தப் போனா. அதுக்கு அவரு, "இரு, எதையும் தெரியாத எடத்துல போட்டுப் பாத்துட்டுத்தான் நடுவுல போடோணும். அந்தச் சோபாவுக்கு அடியில ஏற்கெனவே ஒரு கறை இருக்குதுல்ல, அங்க முதல்ல வெச்சுப் பாரு"ன்னாரு.

என்ன கண்ணுங்க அது. சோபாவுக்கு அடியில. நான் மூடி வெச்ச கறை. உள்ள வந்து உக்காந்த உடனே கண்டுபுடிச்சுட்டாரு. மதுவந்திக்கே அதிர்ச்சியாப் போச்சு, அவரு கையைப் புடுக்குனு கிள்ளிட்டா. பதட்டத்துல யாரைக் கிள்ளறோம்னுகூடத் தெரியல புள்ளைக்கு. எங்கூட்டுக்காரரு சோபாவைப் பாத்தாரு, அந்தப் பையனைப் பாத்தாரு, மதுவந்தியைப் பாத்தாரு. சத்தம் போடுவாருன்னு பாத்தா, சோபாவை நகத்திக் குடுக்க வந்துட்டாரு.

மூலையில போட்டுப் பாத்து, ஒண்ணும் ஆகலைன்னு தெரிஞ்சு, நடுவுல ஒத்துனாங்க. செவப்பு போயி மஞ்சளாச்சு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு மொனையைப் புடிச்சு மாடிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. முன்னப்பின்ன பாக்காத புள்ளைங்க, ஆனா மாடிப்படி திருப்பத்துல அவ தூக்கறதுக்கு இவரு தாழ்த்தறதும், அவ சாய்க்கறதுக்கு இவரு நகர்றதும், ரொம்ப நாள் சேந்து சாமான் தூக்குனவங்களாட்டம் இருந்துச்சு. அதைத்தான் பொருத்தம்ங்கறது. எட்டுப் பொருத்தம்னு ஜோசியர் சொன்னது சும்மா இல்ல.

நான் போர்டிகோவுக்கு ஓடுனேன். கிருஷ்ணவேணியம்மா அங்க நாற்காலியில உக்காந்து காத்து வாங்கிட்டு இருந்தாங்க. கார்பெட்டுக்காகத்தான் கோவிச்சுக்கிட்டீங்களா, ஊடு சுத்தமாத்தாங்க இருக்கும்னேன். அழுகை வந்துருச்சு. அந்தம்மா என்ற கையைப் புடிச்சாங்க. செவப்பா இருந்த கையை. "கோவமெல்லாம் இல்லீங்க, மூச்சுதான். எனக்கு ஒரு வாசமும் வேண்டாம், காத்து இருந்தாப் போதும்"னாங்க. அப்புறம் உள்ள எட்டிப் பாத்துச் சிரிச்சாங்க. "பொண்ணு ஊட்டுக்குள்ள வர்றப்பத்தான் ஆரத்தி எடுப்பாங்க. நீங்க கார்பெட்டுக்கே எடுத்துட்டீங்க. இதுக்கு மேல நான் என்ன சொல்றது"ன்னாங்க. பாத்தீங்களா? அந்த மஞ்ச மட்டும் படாம இருந்திருந்தா இந்தக் கல்யாணம் கூடி வந்திருக்குமா? மதுவந்திகிட்டக் கேட்டா சிரிக்கறா.

எல்லாருக்கும் காபி கொண்டு வான்னேன். கொண்டு வந்தா. அதுலயும் ஒரு கொழப்பம். எல்லாருக்கும் காபியக் குடுத்துட்டு அந்தப் பையனுக்கு மட்டும் டீயைக் குடுத்துட்டா. எங்கூட்ல டீத்தூளே வாங்கறதில்லீங்க, பரம்பரையாக் காபிதான். கேட்டா அவ பேக்குல இருந்துச்சாம். பெங்களூர்ல பழகிட்டாளாட்டம் இருக்குது. நடுக்கத்துல மாத்திக் குடுத்துட்டா. ஆனா அந்தத் தங்கமான பையன் மூஞ்சியச் சுளிக்காம, ஒரு வார்த்தை சொல்லாம, முழு டம்ளரையும் குடிச்சாரு. சக்கரைகூடக் கேக்கல.

அன்னிக்குப் பொழுதோட இன்னொண்ணு நடந்துச்சு. எங்கூட்டுக்காரரு மாடிக்குப் போயி, அந்தக் கார்பெட் காயறதைப் பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் போனை எடுத்து அவங்கண்ணனைக் கூப்பிட்டாரு. நாலு வருசம் கழிச்சு. "அண்ணா, புள்ளைக்குக் கல்யாணம் முடிவாயிருக்குது. நீயும் பையனும் மருமகளும் முன்னாடி வந்து நிக்கோணும்"னாரு. படியில நின்னு கேட்டுட்டு இருந்த நான் மேல ஓடுனேன். என்ன திடீர்னு, ஏனுங்கன்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல. எல்லாப் புள்ளைகளும் ஒண்ணுதான்"னாரு. நல்ல சம்பந்தம் அமைஞ்ச சந்தோசத்துல மனசு எளகிருச்சு, வேறென்ன.

தை மாசம் கல்யாணம் முடிஞ்சுது. கார்பெட்டும் வெளுத்துருச்சு. மூணு நாலு வெயில் வாங்குச்சு, ஒரு பொட்டு மஞ்ச இல்ல. இப்ப அந்த ஓரத்துக் கறை மட்டுந்தான் பாக்கி. அதுக்குத்தான் இந்தப் பாட்டிலை எடுத்தேன். இது உல்லனுக்குன்னே விக்கறது, வாசம் இல்லாதது, நீங்களும் இதையே எடுத்துக்கங்க. போட்டுட்டுக் காயற வரைக்கும் கொழந்தையை அந்தப் பக்கம் விடாதீங்க.

போன வாரம் மாப்பிள்ளைகிட்டப் போன்ல கேட்டேன், அந்தக் காபிக் கறைக்கு என்னங்க போடறதுன்னு. "அது காபி இல்லீங்க அத்தை, டீ"ன்னாரு. பாக்காமயே சொல்றாரு. மதுவந்தி போனைப் புடுங்கி, "அம்மா, அதை மட்டும் ஒண்ணும் பண்ணாத. இருக்கட்டும்"ங்கறா. சரி, இவருகிட்டக் கேப்போம்னு எங்கூட்டுக்காரருகிட்டக் கேட்டா, "அதுதான் இருக்கட்டும்னு சொல்றாள்ல, விடு"ங்கறாரு. கறைக்குப் போயி ஊடே வக்காலத்து வாங்குது.

என்னுங்க சிரிக்கறீங்க?

வரிசை நகருது பாருங்க, போங்க. நான் பாட்டிலை இங்கயே வெச்சுட்டு டீத்தூள் மட்டும் எடுத்துக்கறேன். ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளை வாராரு. எத்தனை நாற்காலி போட்டாலும் மதுவந்தியும் அவரும் அந்தச் சோபாவை நகத்திப்போட்டு, கறை மேலயே போயி உக்காந்துக்கறாங்க. அங்க என்னதான் இருக்குதோ.